பிரதோஷத்துக்கு மூன்று மணிக்கே வந்துவிடுங்கள்

சின்ன ஊர்ச் சிவன் கோயிலுக்குப் பிரதோஷம் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஐந்து மணிக்கு உள்ளே வருவார்கள், ஆறரைக்குத் தொன்னையோடு வெளியே போவார்கள். இடையில் பார்த்தது என்ன என்று கேட்டால், நந்தி முதுகில் வழிந்த பாலும் முன்னால் நின்றவரின் பின்னந்தலையும். அதுவும் தரிசனம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிரதோஷத்தின் சந்தோஷம் பெரும்பாலும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னாலும் பின்னாலும்தான் கிடக்கிறது என்பது என் கட்சி.

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் நந்தி சுமார் 12 அடி உயரம். அங்கே அபிஷேகத்தை நாம் எட்ட நின்று பார்க்கத்தான் முடியும், கை வைக்க வேலை கிடைக்காது. சின்ன ஊரில் நந்தி மூன்றடி. ஒரு குருக்கள், கோயிலைக் காவல் பார்க்க ஒரு மெய்க்காவல், சில கோயிலில் அதுவும் இல்லை. புல் கட்ட, இளநீர் சீவ, பாத்திரம் தேய்க்க, வாகனம் தூக்க, தரை கழுவ ஆள் வேண்டும். யார் வந்தாலும் வேலை இருக்கும். பக்தி எவ்வளவு என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. "அந்தக் குடத்தை இப்படி வை" என்பதுதான் வரவேற்பு.

முதலில் நாள் பார்க்கும் விஷயம். பிரதோஷம் பதின்மூன்றாம் திதியான திரயோதசியில் வரும்; வளர்பிறைத் திரயோதசி, தேய்பிறைத் திரயோதசி என்று மாதம் இரண்டு. காலண்டரில் "துவாதசி" என்று அச்சாகியிருக்கும் நாளில் பிரதோஷம் போட்டிருப்பதைப் பார்த்துச் சிலர் அச்சுப்பிழை என்று நினைக்கிறார்கள். பிழை இல்லை. நாளின் திதியைச் சூரிய உதயத்தை வைத்துச் சொல்கிறோம். பிரதோஷத்துக்கோ சூரியன் மறையும் வேளையில் திரயோதசி இருக்க வேண்டும். காலையில் துவாதசி, மதியத்துக்கு மேல் திரயோதசி என்றால் அன்றைக்கே பிரதோஷம். வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதம் இரண்டுக்கும் திதி முடியும் நேரம் வேறுபடுவதால் எப்போதாவது ஒருநாள் தள்ளிப்போகும். உங்கள் கோயில் எந்தப் பஞ்சாங்கம் என்று குருக்களிடம் ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டால் போதும்.

வேளை, சூரியன் மறைவதற்கு முன் மூன்றே முக்கால் நாழிகை, மறைந்தபின் மூன்றே முக்கால் நாழிகை. நாழிகைக்கு 24 நிமிடம், ஆக முன்னால் ஒன்றரை மணி, பின்னால் ஒன்றரை மணி. நாலரை முதல் ஆறு என்று எல்லாரும் சொல்வது அதன் முதல் பாதி. சின்ன ஊரில் இது ஒரு சௌகரியம். எல்லாச் சிவன் கோயிலுக்கும் ஒரே சாயங்காலம்தான் பிரதோஷம். ஒரே குருக்கள் மூன்று நாலு கோயில் பார்ப்பார். பக்கத்துக் கிராமத்தில் முடித்துவிட்டு பைக்கில் வந்து சேர ஐந்தரை ஆகலாம். "இன்னும் ஆரம்பிக்கலையா" என்று மெய்க்காவலரைக் குடையாதீர்கள். அவர் வருவதற்குள் எல்லாம் வரிசையாக எடுத்து வைத்திருந்தால் பதினைந்து நிமிடம் மிச்சம்.

அறுகம்புல்லில் தொடங்குவோம். நந்திக்கு மாலை அதுதான். காலையிலேயே பறித்துவிட வேண்டும். மதிய வெயிலில் பறித்தால் கட்டி முடிப்பதற்குள் சுருளும். ஒரு சாண் நீளத்துக்குக் குறையாத கொடியாகப் பாருங்கள். களைக்கொல்லி அடித்த வரப்பு, சாக்கடை ஓரம், நாய் திரியும் இடம் மூன்றும் வேண்டாம். இரண்டு தண்ணீர் அலசினால்தான் வேரடி மண் போகும். அலசியதை ஈரத்துணியில் சுருட்டி வையுங்கள், வாளித் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள், அழுகல் வாசனை வரும். வாழைநாரைப் பத்து நிமிடம் நனைத்து இரண்டாகக் கிழித்துக்கொள்ள வேண்டும். பதினைந்து இருபது புல்லை ஒரு பிடியாகச் சேர்த்து, ஒரு பிடி வலப்பக்கம் தலை, அடுத்தது இடப்பக்கம் தலை என்று மாற்றி மாற்றி முடிச்சுப் போட்டால் மாலை தட்டையாக விழும். எல்லாத் தலையும் ஒரே பக்கம் வைத்தால் முறுக்கிக்கொண்டு நிற்கும். மூன்றடி நந்தி கழுத்துக்கு நான்கு முழம் சரியாக இருக்கும். நைலான் நூலில் கட்டி வருகிறவர்கள் இருக்கிறார்கள். மாலை மட்கும், நூல் மட்காது. நந்தவனத்தில் மண்வெட்டி போடும்போதெல்லாம் சிக்கும்.

வில்வத்துக்கு ஒரு கணக்கு உண்டு. திங்கட்கிழமை, அமாவாசை, பௌர்ணமி, மாதப் பிறப்பு நாட்களில் பறிக்கக் கூடாது என்பது வழக்கம். சோமவாரப் பிரதோஷம் வந்தால் ஞாயிற்றுக்கிழமையே பறித்து, தண்ணீர் தெளித்த துணியில் வைத்துக்கொள்ள வேண்டும். பறிக்க மறந்துவிட்டால் பதற வேண்டாம், ஒருமுறை சாத்திய வில்வத்தையே கழுவித் திரும்பச் சாத்தலாம் என்று அனுமதியே இருக்கிறது. மற்றப் பூவுக்கு அந்தச் சலுகை கிடையாது. மரத்தில் முள் உண்டு. கையால் கிளையை வளைப்பதைவிடத் துரட்டி நல்லது. மூன்றிதழும் முழுசாக உள்ளதை மட்டும் பொறுக்கி எடுங்கள். பூச்சி அரித்தது, ஓட்டை விழுந்தது, ஓரிதழ் உதிர்ந்தது தள்ளுபடி. ஒரு கூடை இலையில் பாதிதான் தேறும், அதற்கேற்பப் பறியுங்கள்.

அரளி கட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அரளி முழுச்செடியும் விஷம். கட்டி முடித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பிரசாதப் பாத்திரத்தின் பக்கமே போகக் கூடாது.

அபிஷேகச் சாமான்களில்தான் அதிகம் வீணாகிறது. மூன்றடி நந்திக்கு எது எவ்வளவு போதும் என்று சொல்கிறேன்: நல்லெண்ணெய் 200 மில்லி, அரிசி மாப்பொடி கால் கிலோ, மஞ்சள்பொடி 100 கிராம், பால் 3 லிட்டர், தயிர் ஒரு லிட்டர், தேன் 100 கிராம், எலுமிச்சை பத்து, இளநீர் ஐந்து, விபூதி கால் கிலோ, சந்தனம் 50 கிராம். மூலவருக்கும் சேர்த்து என்றால் இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம். இதற்கு மேல் வருவது, அபிஷேகத் தண்ணீர் வெளியேறும் கோமுகி வழியாக நேரே வாய்க்காலுக்குத்தான் போகும். உபயம் தருகிறவர் இருபது லிட்டர் பால் என்று சொன்னால், ஐந்து லிட்டரை அபிஷேகத்துக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தைக் காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். மறுக்கிறவர் அபூர்வம்.

வரிசை கோயிலுக்குக் கோயில் மாறும், ஆனால் எண்ணெயும் மாப்பொடியும் பெரும்பாலும் முதலில் வரும். அதில் காரணம் இருக்கிறது. எண்ணெய் தடவிய கல்லில் மாவைத் தேய்த்தால் மாவு எண்ணெயை இழுத்துக்கொண்டு கழன்றுவிடும். மாப்பொடியைச் சிக்கனம் பண்ணினால் எண்ணெய்ப் பிசுக்கு நிற்கும், அதன்மேல் பால் ஒட்டாமல் ஓடும், தயிர் திப்பி திப்பியாகத் தங்கும், மறுநாள் காலை எறும்பு மொய்த்திருக்கும். நந்தியின் கழுத்து மணிச்சரம், காதின் பின்மடிப்பு, மடக்கிய முன்காலுக்கு அடியில் உள்ள இடுக்கு, இந்த மூன்று இடத்தில்தான் பிசுக்கு சேரும். அங்கே விரலை விட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். பஞ்சாமிர்தம், தேன் இரண்டுக்கும் பிறகு ஒரு குடம் தண்ணீர் போதாது, இரண்டு ஊற்ற வேண்டும். உற்சவர் ஐம்பொன் என்பதால் தயிரும் எலுமிச்சையும் பட்ட உடனே கழுவித் துணியால் ஒற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் களிம்பு ஏறும்.

மஞ்சள்பொடி வாங்கும்போது ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள். நல்ல மஞ்சள் அடியில் படியும், மேல் தண்ணீர் வெளிர் மஞ்சளாக இருக்கும். போட்ட உடனே தண்ணீர் முழுக்க அடர் நிறம் பாய்ந்தால் சாயம். விபூதியும் அப்படித்தான்: பசுஞ்சாணம் சுட்டது சாம்பல் சாயலில், கையில் கனமே தெரியாமல் இருக்கும். பளீரென்று வெள்ளையாக, சென்ட் வாசனையோடு, கனமாக இருந்தால் அது வேறு பொடி; ஈரக்கல்லில் பூச்சு மாதிரிப் பிடித்துக்கொள்ளும், சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

பால் பாக்கெட்டை நந்தி பக்கத்தில் நின்று கடித்துக் கிழிக்கிற பழக்கத்தை யார் ஆரம்பித்தார்களோ தெரியவில்லை. மூலையில் கிழித்த துணுக்குகள் நேரே கோமுகிக் குழாயில் போய் அடைக்கும். பாக்கெட் எல்லாவற்றையும் வெளியே, ஒரே இடத்தில், கத்தரிக்கோலால் முழுசாகத் துண்டு விழாமல் வெட்டி, குடத்தில் வடிகட்டி ஊற்றிக் கொண்டுபோவது ஒருவருடைய வேலையாக இருக்கட்டும். பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள் இதைப் பிரமாதமாகச் செய்வார்கள்.

இனி மடப்பள்ளி. நந்திக்கு நிவேதனம் காப்பரிசி. பச்சரிசி அரை கிலோவை ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டி, துணியில் பரப்பி ஈரம் ஒற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். பொடித்த வெல்லம் கால் கிலோ, பல்லுப்பல்லாக நறுக்கிய தேங்காய் ஒரு மூடி, பொட்டுக்கடலை ஒரு பிடி, வறுத்த எள் இரண்டு ஸ்பூன், ஏலக்காய். ஈரத்தோடு வெல்லத்தைச் சேர்த்தால் கால் மணியில் பாகாக ஓடும், அரிசி தனியாக வெல்லத் தண்ணீர் தனியாக நிற்கும். அதனால் வெல்லத்தைக் கடைசியில், குருக்கள் வண்டிச் சத்தம் கேட்ட பிறகு கலந்தால் போதும். காலையிலேயே ஊறப் போட்டால் சாயங்காலம் புளித்துவிடும்.

ஜனங்களுக்குத் தயிர்சாதம். மூன்று கிலோ பச்சரிசிக்குச் சுமார் நூறு தொன்னை வரும், தொன்னைக்கு 150 கிராம் கணக்கு. அரிசிக்கு மூன்றரைப் பங்கு தண்ணீர் வைத்துக் குழைய வேகவைத்து, சூடு இருக்கும்போதே மத்தால் மசித்துவிட வேண்டும். ஆறினால் கட்டி உடையாது. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் காய்ச்சி ஆறின பால் மூன்று லிட்டர், தயிர் ஒரு லிட்டர், வெண்ணெய் நூறு கிராம். மூன்று மணிக்குக் கலந்ததை ஆறரைக்கு விநியோகிக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. பாதிக்குப் பாதி தயிர் ஊற்றினால் அதற்குள் புளித்துத் தொண்டையைப் பிடிக்கும். பால் தூக்கலாக இருந்தால் கொடுக்கிற நேரத்துக்குப் பதமாக உறைந்திருக்கும். கலந்தபோது பாயசம் போலத் தளர்வாகத் தெரிந்தாலும் பயப்படாதீர்கள், இறுகும். தாளிக்கக் கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். வெங்காயம் கிடையாது.

உப்பில்தான் புதியவர்கள் மாட்டுவார்கள். நிவேதனத்துக்கு முன் வாயில் போட்டுப் பார்க்க முடியாது. வீட்டுச் சமையலில் நாக்கு செய்கிற வேலையை இங்கே தராசு செய்ய வேண்டும். இந்த அளவுக்கு 130 கிராம் உப்பு. எடை போட்டுக் காகிதத்தில் மடித்து வைத்துவிடுங்கள். "கைக்கணக்கு எனக்குத் தெரியும்" என்கிறவர் இரண்டு பேர் சேர்ந்தால் ஒருவருக்குத் தெரியாமல் மற்றவரும் போடுவார். பித்தளை அண்டாவாக இருந்தால் ஈயப்பூச்சு முழுசாக இருக்கிறதா என்று உள்ளே கைவிட்டுப் பாருங்கள். பூச்சு தேய்ந்த பித்தளையில் தயிர் பட்டால் பச்சை ஏறும், அந்தச் சாதத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது. எவர்சில்வர் அண்டாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. பல கோயிலில் நிவேதனம் மடப்பள்ளியில் கோயில் சமையல்காரரான பரிசாரகர் கையால்தான் ஆக வேண்டும், வெளியே சமைத்தது விநியோகத்துக்கு மட்டும் என்று வைத்திருக்கிறார்கள். அது அந்தந்தக் கோயில் முறை, வாதாடாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுண்டல் என்றால் சுருக்கமாக: கறுப்புக் கொண்டைக்கடலை ஒரு கிலோ ஐம்பது பேருக்கு, முதல் நாள் இரவே ஊற வேண்டும், உப்பு வெந்த பிறகு.

அபிஷேகம், அலங்காரம், தீபாராதனை நடக்கும்போது தோரணையாக எதையும் செய்யத் தேவையில்லை. நந்தியின் இரு கொம்புக்கு நடுவே லிங்கத்தைப் பார்ப்பது வழக்கம், ஆலகாலத்தை உண்டபின் இறைவன் ஆடிய இடம் அது என்பது ஐதிகம். ஒருவர் பார்த்தால் உடனே நகர்ந்து அடுத்தவருக்கு வழிவிட வேண்டும், அவ்வளவுதான். நந்தியின் காதில் வேண்டுதலைச் சொல்கிறவர்கள் காதைப் பிடித்துத் தொங்க வேண்டாம். குருக்கள்மார் பலருக்கு நந்தியைத் தொடுவதே பிடிக்காது, அலங்காரமும் கலையும். ஓரடி தள்ளி நின்று மனசுக்குள் சொன்னால் நந்திக்குக் கேட்காமலா போகும்?

சோமசூத்திரப் பிரதட்சிணம் செய்ய ஆசைப்படுகிறவர்கள் முறையைத் தெரிந்துகொண்டு ஆரம்பிக்கலாம். நந்தியிடமிருந்து இடமாகச் சண்டிகேசுவரர் வரை போய், வந்த வழியே நந்திக்குத் திரும்பி, பிறகு வலமாகக் கோமுகி வரை போக வேண்டும். கோமுகியைத் தாண்டாமல் திரும்பி மறுபடி நந்தி. அங்கிருந்து இன்னொரு முறை சண்டிகேசுவரர், திரும்ப நந்தி. கிழக்கு பார்த்த கோயிலில் சண்டிகேசுவரரும் கோமுகியும் வடக்குப் பிராகாரத்தில் இருக்கும். சாதாரணமாக வலம் வருகிறவர்களும் இவர்களும் நேருக்கு நேர் முட்டுகிற இடமும் அதே வடக்குப் பிராகாரம்தான், பால் வழிந்து வழுக்குகிற இடமும் அதுவே. சனிப் பிரதோஷத்தன்று கூட்டம் பல மடங்கு. அன்றைக்கு அங்கே சணல் சாக்கை விரித்துவிட்டு, சோமசூத்திரத்தைச் சுவாமி புறப்பாட்டுக்கு முன்பே முடித்துக்கொள்ளச் சொல்லிவிடுவது நல்லது. சாக்கை விரிக்கும்போது ஓரம் மடங்காமல் பாருங்கள், வயசானவர்களுக்கு வழுக்கலைவிட மடிப்பு ஆபத்து.

புறப்பாடுதான் எனக்கு உச்சம். பிரதோஷ நாயகர் ரிஷப வாகனத்தில் பிராகாரத்தை மூன்று சுற்று வருவார்: முதல் சுற்று வேதம், இரண்டாவது திருமுறை, மூன்றாவது நாதஸ்வரம். தூக்குவது நாலு பேர், ஆனால் எட்டுப் பேர் நின்றால்தான் மாற்றிக்கொள்ள முடியும். முன் ஜோடிக்குள் தோள் உயரம் ஒன்றாக இருக்க வேண்டும், பின் ஜோடிக்குள்ளும் அப்படியே. ஒரு ஜோடியில் நெட்டையும் குட்டையும் கலந்தால் சுவாமி ஒருபக்கம் சாய்வார், பாரம் முழுக்கக் குட்டையானவர் தோளில் இறங்கும். துண்டை நாலாக மடித்துத் தோளில் வைத்தபிறகே வாரையை, அதாவது வாகனம் தூக்கும் கம்பை, ஏற்றுங்கள். வலமாகச் சுற்றுவதால் ஒவ்வொரு மூலையும் வலப்பக்கத் திருப்பம். வலப்பக்கத்தார் நின்ற இடத்திலேயே அடி வைக்க, இடப்பக்கத்தார் எட்டி நடக்க வேண்டும். எல்லாரும் ஒரே அளவில் நடந்தால் வாகனத்தின் பின்பகுதி சுவரில் இடிக்கும். "இறக்கு", "ஏத்து" என்று சொல்ல ஒரே ஒரு குரல்தான் இருக்க வேண்டும். அது முன்வலம் பிடிக்கிறவர் குரலாக இருப்பது வசதி.

இந்த வரிசையில் கல்லூரிப் பையனும் ஓய்வுபெற்ற வாத்தியாரும் மளிகைக்கடைக்காரரும் ஒரே வாரைக்குத் தோள் கொடுப்பார்கள். மூன்றாவது சுற்றில் எல்லாருக்கும் ஒரே அடி, ஒரே மூச்சு வந்துவிடும். மூலையில் வாகனம் அலுங்காமல் திரும்பிய அந்த நொடியில் எட்டு முகத்திலும் ஒரு சிரிப்பு ஓடும் பாருங்கள், அதற்காகவே தோள் காய்க்கலாம்.

திருமுறை பாடும் ஓதுவார் இல்லாத கோயில்கள் நிறைய. உடனே செல்போனை ஒலிபெருக்கியில் சொருகிவிடுகிறார்கள். அதற்குப் பதில் தெரிந்த ஒரு தேவாரப் பதிகத்தை ஒருவர் வரி சொல்ல மற்றவர்கள் பின்பாட்டாகச் சொல்லலாம். பதிகத்தில் பத்தோ பதினொன்றோ பாட்டு இருக்கும். சின்னப் பிராகாரச் சுற்று ஐந்தாறு நிமிடம், ஆகவே சுற்றுக்கு நாலு பாட்டு போதும். எந்த நாலு என்பதை மூன்று மணிக்கே முடிவு செய்து, எழுத்துப் பெரிசாக ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். பிராகாரத்தில் வெளிச்சம் குறைவு. மோட்டார் மேளத்தைத் தீபாராதனைக்கு மட்டும் போட்டு மற்ற நேரம் அணைத்துவிட வேண்டும். அது ஓடும்போது பாடுகிறவருக்கே தன் குரல் கேட்காது. சின்னப் பிள்ளைகளுக்குச் சேகண்டியும் கைமணியும் கொடுங்கள். தாளம் பிசகும், பிசகட்டும்.

ஏழு மணிக்குக் கூட்டம் கலைந்தபின் மிஞ்சுகிற எட்டுப் பத்துப் பேர்தான் அந்தக் கோயிலின் ஆட்கள் என்று சொல்லலாம். அண்டாவில் ஒட்டியிருக்கும் தயிர்சாதத்தை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டே அரட்டை அடிக்கிற நேரம் அது. யார் வீட்டில் கல்யாணம், யாருக்குக் காய்ச்சல், எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை என்று எல்லாம் அங்கே தெரிந்துவிடும். காய்ச்சல் வீட்டுக்கு ஒரு தொன்னை தனியாக மூடி வைக்கப்படும்.

கழுவும் வேலைக்கு வரிசை உண்டு. முதலில் தொன்னை, பூ, திரி எல்லாவற்றையும் காய்ந்த நிலையில் கூட்டி அள்ள வேண்டும். தண்ணீர் ஊற்றிவிட்டால் எல்லாம் தரையோடு ஒட்டும். கல்லில் நேரடியாகக் கற்பூரம் கொளுத்திய கறையும் அகல் எண்ணெய்க் கறையும் இருந்தால் அரிசி மாவையோ சீயக்காயையோ தூவிக் கால் மணி விட்டுத் தேய்க்கலாம். ஆசிட் ஊற்றவே கூடாது. அடுத்த தடவை விளக்குகளுக்கு மணல் பரப்பிய இரும்புத் தட்டு ஒன்றை நந்தியிலிருந்து நாலடி தள்ளி வைத்துவிட்டால் கறையும் வராது, புடவைத் தலைப்பும் தீயில் படாது. பிறகு கோமுகிக் குழாயில் இரண்டு வாளி வெந்நீர். பாலாடை உறைந்து நிற்பது வெந்நீருக்குத்தான் இளகும். வெளியே போகும் வாயில் ஒரு கம்பி வலை கட்டி, பிரதோஷத்துக்குப் பிரதோஷம் கழற்றித் தட்டினால் வாய்க்கால் ஒருநாளும் நாறாது. மாலையும் வில்வமும் நந்தவனக் குழிக்கு. சாக்குகளை அன்றைக்கே அலசிக் கொடியில் போட வேண்டும், நனைந்தபடி சுருட்டி வைத்தால் பதினைந்து நாளில் பூஞ்சை பிடித்துவிடும். பாத்திரங்களை எண்ணி, இரவல் வாங்கிய அண்டாவை யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டு, அடுத்த பிரதோஷத்துக்குப் புல் யார், பால் வெட்டுவது யார் என்பதையும் அங்கேயே பேசி எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போனபின் போனில் கேட்டால் எல்லாரும் "பார்க்கலாம்" என்பார்கள்.